நிலாவின் முதுகைக் கேட்ட மாமா

ஆகாசத்தைக் காட்டிப் பிழைக்கிற தொழிலில் பெரிய கஷ்டம், சரக்கு நம்ம கையில் இல்லை என்பதுதான். ஜவுளிக்கடை, வளையல்கடை, பாத்திரக்கடை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். "வேற இருந்தா காட்டுங்க" என்று ஒருத்தர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால், நீங்கள் உள்ளே போய் இன்னொரு கட்டு எடுத்துவந்து உதறிப் போடலாம். நான் எங்கே போவேன்? என்னிடம் இருந்தது ஒரே நிலா. அதிலும் ஒரே மூஞ்சி.

அறந்தாங்கியைச் சுற்றி இருபது வருசம் நான் இந்தத் தொழில் செய்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் விஞ்ஞானம் சொல்ல வரவில்லை. நிலாவைக் கிட்டே காட்டுகிற என் குழாயில் கண்ணை வைத்தவர்கள் கண்ணை எடுத்தபிறகு சொன்னதைத்தான் சொல்லப்போகிறேன். நீங்களும் வாடிக்கைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களாக இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

கோபுரம் கவிழ்ந்தது

குழாய்க்கு முன்னால் என்னிடம் படப்பெட்டி இருந்தது. தலையில் சுமந்துகொண்டு போய் சந்தையில் இறக்கி வைப்பேன். ஓட்டையில் கண்ணை வைத்தால் காசிப் பட்டணம், கப்பல், ராணி என்று உள்ளே ஒட்டிய படங்கள் ஒவ்வொன்றாக உருளும். புதுக்கோட்டை சமஸ்தானம் போய் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த புதுசில், ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் போனது மடக்குக் கட்டிலுக்காக. கட்டிலை ஒரு வக்கீல் குமாஸ்தா தூக்கிக்கொண்டு போய்விட்டார். யாரும் கேட்காமல் கிடந்த ஒரு பித்தளைக் குழாயும், அதற்கு ஒரு முக்காலியும் என் தலையில் விழுந்தன.

மறுநாளே குழாயை நிமிர்த்திக் கோயில் கோபுரத்தின் பக்கம் திருப்பி வைத்து, முதல் போணிக்கு ஒரு ஜட்கா வண்டிக்காரரைக் கூப்பிட்டேன். அந்தக் குழாயில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். வண்டிக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து வெறுங்கண்ணால் கோபுரத்தை ஒருதரம் பார்த்தார். திரும்பக் குனிந்து பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "அண்ணே, கோபுரத்தைக் கவுத்துப் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்க. போயி சாமி உள்ள இருக்காரா, விழுந்துட்டாரான்னு பாருங்க."

ஆள் வளந்திருக்கு

அன்றிலிருந்து நிலாவைத் தவிர எதையும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். நிலாவுக்கு மேல் எது, கீழ் எது என்று யாருக்கும் தெரியாது. வளர்பிறை அரைநிலா மத்தியானத்துக்குமேல் கிழக்கே வெளுப்பாக ஏறிவிடும்; சந்தை நடக்கும்போதே காட்டலாம். தலைக்கு அரையணா.

புளி விற்கிற ஒரு அம்மா ஒரு செவ்வாய்ச் சந்தையில் பார்த்தது. பள்ளமும் மேடும் கருப்புத் திட்டும் பார்த்து அசந்துபோய், புளியில் ஒரு கைப்பிடி கூடவே கொடுத்தது. அடுத்த செவ்வாய் சந்தை கலைகிற நேரத்தில் முழுநிலா. அந்த அம்மா தன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்து, தான் முதலில் பார்த்தது. பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. போன வாரம் பார்த்த திட்டு, அதே இடத்தில், அதே சாய்மானத்தில். பக்கத்தில் இன்னொரு பாதி சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். "வேற பக்கம் இல்லையாப்பா?" என்று கேட்டது. இல்லை என்றேன். தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது சொன்னது: "ஆள் வளந்திருக்கே ஒழிய மூஞ்சி அதேதான். கொட்டகையில ஒரே படத்தை ரெண்டாந்தரம் போட்டாலும் நடுவுல பாட்டாவது இருக்கும்."

படத்துக்கு முதுகு கிடையாது

இந்தப் பேச்சு காற்றோடு போயிருந்தால் எனக்குக் கவலையில்லை. அது செக்கு ராமையா காதுக்குப் போய்விட்டது. அவர் எனக்கு மாமா முறை. அறந்தாங்கியில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள் செல்லத்தை எனக்குத்தான் கொடுப்பது என்று சின்ன வயதிலேயே பேச்சு. எனக்கும் அந்த நினைப்புத்தான். செல்லத்துக்கு என்ன நினைப்பு என்று கேட்கிற வழக்கம் அப்போது கிடையாது. ஆனால் செக்குப் பக்கம் நான் போனால் அவள் எடுத்து வைத்த பிண்ணாக்கையே மறந்துபோய்த் திரும்ப எடுத்து வைப்பாள்.

ஆவணி மாசம் ஒருநாள் சாயங்காலம் மாமா சந்தைப்பேட்டைக்கு வந்தார். குழாயில் பார்த்தார். பிறகு குழாயைச் சுற்றி வந்தார். முன் கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "முந்தி பெட்டிக்குள்ள படம் ஒட்டுன. இப்ப குழாய்க்குள்ள ஒட்டியிருக்க. அப்படித்தானே மாப்ளே?" என்றார். இல்லை மாமா, நிசமான நிலா என்று எத்தனையோ சொன்னேன். புதுக்கோட்டையில் பஸ் கண்டக்டர் மாப்பிள்ளை ஒருவர் செல்லத்தைக் கேட்டிருக்கிறார் என்பதை அப்போதுதான் வெளியே எடுத்தார். தை மாசம்வரை எனக்குத் தவணை. கிளம்பும்போது, கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "படத்துக்குத்தான்யா முதுகு இருக்காது. நெசமான சாமானுக்கு முதுகு இருக்கும். நெலாவோட முதுகைக் காட்டு, பொண்ணைக் கூட்டிட்டுப் போ."

கொடும்பாளூர்ப் பயணம்

இங்கே நான் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு வீட்டை முன்வாசலில் நின்று பார்த்தால் திண்ணையும் கதவும் தெரியும்; கொல்லைப்பக்கம் போனால் கிணறு தெரியும். நிலாவும் அப்படித்தானே இருக்கவேண்டும்? நம்ம ஊரிலிருந்து பார்த்தால் முகம் என்றால், தள்ளிப்போய் வேறு மூலையில் நின்று பார்த்தால் விலாவாவது தெரியாதா? புரட்டாசியில் குழாயைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன். புதுக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ். கொடும்பாளூரில் போய் இறங்கினேன்.

மூவர் கோயில் பக்கத்தில் பொட்டலில் குழாயை நிறுத்தி, நிலா ஏறுகிறவரை காத்திருந்து, கும்பிட்டுவிட்டுக் கண்ணை வைத்தேன். அதே திட்டு. அதே சாய்மானம். மூஞ்சியில் ஒரு மரு மாறவில்லை. அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு திரும்பிய ஒரு பெரியவர் என்னிடம் விவரம் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோயில் பக்கம் கோலை நீட்டிச் சொன்னார்: "இங்கிட்டு மூணு கோயில் இருந்துச்சு, ஒண்ணு போச்சு. மிச்சம் நிக்கிற ரெண்டைப் பாக்கவே ஒரு ஆள் வரல. தெரியாத பக்கத்தைத் தேடி நீங்க நாப்பது மைல் வந்திருக்கீங்க."

காளையின் இடது விலா

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேகம் மூடிவிட்டால் எனக்குக் கடையடைப்பு. எண்ணெய் வாங்குகிற சாக்கில் செக்கடிக்குப் போனேன். மாமா உரல் பக்கத்தில் உட்கார்ந்து எள்ளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை அவர் இடம் அதுதான். காளை வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. செக்கு மரத்தின்மேல் பாரத்துக்காகச் செல்லம் உட்கார்ந்து, காளையோடு சேர்ந்து சுற்றிவந்தாள்.

ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டும்போது அப்பாவுக்குக் கேட்காமல் ஒரு வரி சொல்வாள். முதல் சுற்றில், "அத்தான், காளையோட அங்கிட்டுப் பக்கம் பாத்தீங்களா?" என்றாள். அடுத்த சுற்றில், "நாலு நாளா இடது விலாவுல கயிறு ஒரசிப் புண்ணாயிருக்கு." அதற்கடுத்த சுற்றில், "அப்பாவுக்குத் தெரியாது. அவரு நடுவுல உக்காந்து வலது விலாவை மட்டும்தான் பாக்குறாரு." நாலாவது சுற்று வருவதற்குள் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "மாமா, காளை எந்தத் திசையெல்லாம் பாக்குது?" என்று கேட்டேன். "சுத்துதுல்ல? நாலு திசையும் பாக்கும்" என்றார். "அப்ப அதோட இடது விலாவுல என்ன இருக்கு, உக்காந்த இடத்துலயே சொல்லுங்க" என்றேன். மாமா எள்ளைத் தள்ளுவதை நிறுத்தினார். எழுந்து வெளியே வந்து பார்த்தார். புண்ணைப் பார்த்ததும் காளை பூட்டுகிற ஆளை நாலு வார்த்தை திட்டினார்.

"நிலாவும் இப்படித்தான் மாமா. நம்மைச் சுத்திவர ஒரு சுத்து, அதுக்குள்ள தானும் ஒரே ஒரு தரம் திரும்புது. முதுகு இருக்கு. நடுவுல இருக்கிற நமக்குத் தெரியாது, வெளிய நிக்கிறவனுக்குத்தான் தெரியும்" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். செல்லமும் அப்படித்தான் நினைத்தாள். மரத்தின்மேல் இருந்தபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா காளையின் புண்ணில் வேப்பெண்ணெய் தடவியபடி யோசித்தார். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "காளையை நான் கட்டியிருக்கேன், அதனால ஒரே பக்கத்தைக் காட்டுது. நெலாவைக் கட்டுன கயிறு எங்க மாப்ளே?"

கொழுக்கட்டை மாவு

கயிற்றைத் தேடி ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் என் குழாயில் காசு கொடுத்துப் பார்த்த ஒரே படித்த மனிதர். அன்றைக்குத் திருக்கார்த்திகை. அவர் வீட்டம்மா கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து வைத்திருந்தார். வாத்தியார் அதில் ஒரு உருண்டை எடுத்தார். "கயிறு இருக்கு. இழுப்புத்தான் கயிறு" என்று ஆரம்பித்தார்.

பூமி நிலாவை இழுக்கிறது. ஆனால் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. நமக்குக் கிட்டே இருக்கிற பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக, எட்டி இருக்கிற பக்கத்தைக் கொஞ்சம் குறைவாக. அதனால் நிலா லேசாக நீண்டுபோகும். உருண்டையை இரண்டு பக்கமும் இழுத்து எலுமிச்சம்பழமாக்கிக் காட்டினார். ஆதியில் நிலா சூடாக, இளக்கமாக இருந்த காலத்தில் வேகமாகச் சுழன்றுகொண்டிருந்ததாம். சுழலும்போது அந்த எலுமிச்சை மூக்கு நம்மைத் தாண்டிப் போகும். பூமி அதைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். திரும்பத் தாண்டும், திரும்ப இழுக்கும். ஒவ்வொரு தரமும் நிலாவின் உள்ளே மாவு பிசைகிற மாதிரி உரசி உரசி, சுழல்கிற வேகம் தேய்ந்துபோய், கடைசியில் மூக்கு நம்ம பக்கமாகவே நின்றுவிட்டது. சுழல்வது நிற்கவில்லை, ஒரு சுற்றுக்கு ஒரு திருப்பம் என்று படிந்துவிட்டது. "சூரியனுக்குப் பக்கத்துல இருக்கிற புதன் கிரகமும் இப்படித்தான். சூரியனுக்கு ஒரே மூஞ்சியைத்தான் காட்டுது" என்று ஒரு கொசுறும் கொடுத்தார். இந்தக் கொசுறை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைக் கடிக்கப்போகிறது.

எனக்குப் புரிகிறவரை அவர் உருண்டைமேல் உருண்டையாக எடுத்துக்கொண்டிருந்தார். நிலா, பூமி, புதன், சூரியன் என்று மனைப்பலகை நிறைந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "நெலா ஆறுனது போதும், என் மாவு ஆறுது. இனி புதுசா எந்தக் கெரகத்தையும் எடுக்காதீங்க."

மீமிசல் கம்பு

மாவைக் காட்டிப் பெண் கேட்டால் மாமா கொடுப்பாரா? "கயித்தைக் கண்ணால பாக்கணும்" என்று விட்டார். அதற்கும் வாத்தியாரே வழி சொன்னார்: கடற்கரைக்குக் கூட்டிப் போ. மார்கழிப் பௌர்ணமிக்கு மாமாவை மீமிசலுக்குக் கூட்டிப் போனேன். எனக்கு அங்கே செய்யது பாய் என்று ஒரு படகுக்காரர் பழக்கம். மாமா கடலுக்குள் நாலடி இறங்கி, தன் கையாலேயே ஒரு கம்பை ஊன்றி, தண்ணீர் நின்ற இடத்தில் கத்தியால் கீறி வைத்தார். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. என்னை நூறடி தள்ளி உட்காரச் சொன்னார். இரவல் வாங்கிவந்த கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கீறலைத் தாண்டி ஏறியது, நின்றது, இறங்கியது. பிறகு இரண்டாந்தரமும் ஏறியது.

"தலைக்கு மேல நெலா ஒரு தரம்தானே வருது, தண்ணி எதுக்கு ரெண்டு தரம் ஏறுது?" என்று மடக்கினார். அந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். "எலுமிச்சம்பழத்துக்கு ரெண்டு பக்கமும் மூக்கு இருக்கு மாமா. நெலாப் பக்கம் கூடுதலா இழுபட்டு ஒரு மேடு. எதிர்ப்பக்கம் இழுப்பு பத்தாம பின்தங்கி ஒரு மேடு. நம்ம பூமி அதுக்கு நடுவுல சுழலுது. அதான் ரெண்டு" என்றேன். செய்யது பாயும் சாட்சிக்கு வந்தார். "நேத்து ஏறுன நேரத்துக்கு இன்னைக்கு ஏறாது அண்ணே. தெனம் ரெண்டு நாழிகை தள்ளித்தான். நெலாவும் தெனம் ரெண்டு நாழிகை தள்ளித்தானே எந்திரிக்குது" என்றார். மாமா ராத்தங்கி மறுநாளும் பார்த்தார். கடிகாரமும் கம்பும் நிலாவும் ஒத்துப்போயின. கை இல்லாமல், கயிறு இல்லாமல், கடலையே ஒருத்தன் தூக்கி இறக்குகிறான், அவனைவிடப் பெரிய பூமி அவனை எப்படிக் கட்டியிருக்கும் என்றதும் அவர் குரல் தணிந்துவிட்டது.

அந்தத் தண்ணீர் தரையில் உரசுவதால் நம்ம பூமியின் சுழற்சியும் தேய்கிறது, நாள் நீண்டுகொண்டே போகிறது, ஆனால் நூறு வருசத்துக்கும் சேர்த்து ஒரு கண் சிமிட்டலில் சின்னத் துளிதான் நீளும், அந்த உரசலில் நிலாவும் கொஞ்சம் கொஞ்சமாக நம்மைவிட்டு விலகுகிறது என்று வாத்தியார் சொல்லித் தந்ததையும் சொன்னேன். நிலா சின்னது, சீக்கிரம் அடங்கிவிட்டது. பூமி பெரிசு, அடங்க நாளாகும். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பாய் தலையை நிமிர்த்தாமலே, "இது எங்க வீட்டுக் கதைல்ல. சின்னது மொதல்ல அடங்கும், பெருசு மெதுவா அடங்கும், அதுக்குள்ள ரெண்டுக்கும் தூரம் கூடிப்போயிரும்" என்றார். மாமா கம்பைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறியதும் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டே முடிவைச் சொன்னார்: "தையில முகூர்த்தம் பாத்துருவோம். ஆனா ஒண்ணு மாப்ளே, மேல இருக்கிறதைப் பத்தி நீ ஒரு வார்த்தை பொய் சொன்னாலும், அன்னைக்கே என் மக என் வீட்டுக்குத் திரும்பி வந்துரும்."

குழாயும் நோன்பும்

தையில் கல்யாணம் முடிந்தது. அடுத்த நோன்பு மாசக் கடைசியில் செய்யது பாயைப் பார்க்க மீமிசல் போயிருந்தேன். மேற்கே லேசாக மேகம். கரை முழுக்க ஜனம் நின்று பிறை தேடுகிறது, கிடைக்கவில்லை. நான் குழாயை வைத்துத் துழாவினேன். நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு கீற்று ஒரு கணம் தெரிந்தது. பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் ஓடிப்போய்ச் சொன்னேன்.

பெரியவர் ஒருவர் குழாயில் குனிந்து பார்த்தார். ஆமாம், இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து மேற்கே பார்த்தார். எங்கும் ஒன்றுமில்லை. தாடியைத் தடவிக்கொண்டு என்னிடம் மரியாதையாகவே சொன்னார்: "தம்பி, எங்க கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் எங்களுக்குப் பிறை. குழாய்க்குத் தெரிஞ்சதுன்னா, குழாய் நோன்பு விடட்டும்."

பேப்பரில் வந்த முதுகு

பல வருசம் கழித்து ஒருநாள் வாத்தியார் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். ரஷ்யாக்காரர்கள் விட்ட ராக்கெட் நிலாவைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறது. மங்கலாக, ரசம் போன கண்ணாடி மாதிரி இருந்தது படம். ஆனால் முதுகு முதுகுதான். செக்கு வட்டத்துக்கு வெளியே போய் ஒருத்தன் நின்று பார்த்துவிட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்லத்தையும் கூட்டிக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். "நீங்க கேட்ட முதுகு மாமா" என்று கையில் கொடுத்தேன்.

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்பப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு பேப்பரைத் திருப்பி அந்தப் பக்கத்தையும் பார்த்தார். மடித்து என் கையில் கொடுத்துச் சொன்னார்: "அன்னைக்குச் சொன்னதுதான். இதுவும் படம். நெலாவோட முதுகுக்குப் பின்னாடி சீயக்காய்த் தூள் வெளம்பரம் போட்டிருக்கான்."

புதன் செய்த காரியம்

இப்போது அந்தக் கொசுறு. கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு சந்தையிலும், ஒவ்வொரு திருவிழாவிலும், நிலாவைக் காட்டி முடித்ததும், "புதனும் இப்படித்தான், சூரியனுக்கு ஒரே மூஞ்சியைத்தான் காட்டும்" என்று சேர்த்துச் சொல்வேன். ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. நிலா மட்டும் தனியாக இல்லை, துணைக்கு ஒருத்தன் இருக்கிறான் என்று அவர்களுக்கு ஒரு ஆறுதல். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அறுபத்தஞ்சு, அறுபத்தாறு வாக்கில் வாத்தியார் ரிடையராகி புதுக்கோட்டையில் இருந்தார். ஒருநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, என் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "உன்கிட்ட நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். பெரிய அண்டா மாதிரி ஒரு யந்திரத்திலிருந்து ரேடியோ அலையைப் புதன்மேல் எறிந்து, அது திரும்பி வந்ததை அளந்திருக்கிறார்களாம். புதன் ஒரே மூஞ்சியைக் காட்டவில்லை. சூரியனை இரண்டு தரம் சுற்றிவருவதற்குள் தான் மூன்று தரம் திரும்பிக்கொள்கிறது. அதன் பாதை கோழிமுட்டை மாதிரி. கிட்டே வரும்போது இழுப்பு கூட, எட்டிப் போகும்போது குறைச்சல். அதனால் வேறு தாளத்தில் படிந்துவிட்டது. "அதுவும் கட்டுத்தான். ஆனா கயித்தைக் கொஞ்சம் தளர்த்துன கட்டு" என்றார் பாவம். உலகத்து வாத்தியார் எல்லாருமே இத்தனை வருசம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அதனால் எனக்கு என்ன லாபம்? மீமிசல் பஸ்ஸில் வைத்து மாமாவுக்கு வாக்குக் கொடுத்தவன் நான்.

மாமாவுக்குக் கண் மங்கிப்போயிருந்தது. செக்கை நிறுத்தி வருசமாகிவிட்டது. நான் போய் அவர் முன்னால் உட்கார்ந்து, புதனைப் பற்றி இத்தனை வருசமும் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். செல்லமும் பின்னாலேயே வந்து தூணில் சாய்ந்து நின்று கேட்டாள். மாமா இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். ரெண்டு சுற்றுக்கு மூன்று திருப்பம் என்பதை விரல்விட்டுப் பார்த்தார். கடைசியில், "என் காளை அப்படித் திரும்பியிருந்தா கயிறு சுத்திச் செத்துருக்கும்" என்றார். அவ்வளவுதான், மன்னித்துவிட்டார் என்று நான் எழுந்தேன். வீட்டுக்கு வந்தால் செல்லம் டிரங்குப்பெட்டியில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். "உங்க அப்பாவே பெரிசா எடுத்துக்கலையே, நீ எதுக்குப் போறே?" என்று கேட்டேன். "வாக்கு வாக்குத்தானே" என்றாள். கோபம் கொஞ்சமும் இல்லை முகத்தில். எட்டு நாளுக்கு வேண்டிய துணி எடுத்து வைத்திருந்தாள். உள்ளூர்தான், நாலு தெரு தள்ளித்தான். ஆனாலும் கல்யாணமானதிலிருந்து தீபாவளிக்குக்கூட அவளை அங்கே ஒரு ராத்திரி தங்க விட்டதில்லை நான். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசல்படியில் நின்று சொன்னாள்: "சூரியனுக்கு அத்தனை கிட்டத்துல கெடக்குற புதனே நெனச்சா அங்கிட்டு ஒரு தரம் திரும்பிக்குதாம். நான் எங்க அப்பா வீட்டுப் பக்கம் எட்டு நாள் திரும்பிட்டு வாரேன். கஞ்சியில உப்புப் போட மறந்துராதீங்க."

ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றிவருகிற நிலாவை வைத்து அத்தனை வருசம் சோறு தின்ற எனக்கு, கயிறு யார் கையில் இருந்தது என்பது அந்த எட்டு நாளும் உப்பில்லாக் கஞ்சி குடித்தபோதுதான் தெரிந்தது.